கூட்டுப் பெருங்காயம்

தீபாவளி நெருங்கிவிட்டால், காலையில் பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரயிலின் லேடீஸ் பெட்டி ஒரு சமையலறையாகிவிடும். ஒருத்தி அதிரசப் பாகுக்குப் பதம் கேட்பாள். இன்னொருத்தி போன வருஷம் தன் மைசூர்பாகு செங்கல்லாகிப் போன கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாள். கவரைப்பேட்டையில் ஏறும் ஆரோக்கியமேரி, கிறிஸ்துமஸ் கல்கல் பலகாரத்துக்கு இப்போதே ஆள் சேர்ப்பாள். இவர்களெல்லாம் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு ஸ்விட்ச் பேக் பண்ணப் போகிறவர்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்தச் சபையில் முறுக்கு என்று பேச்சு வந்துவிட்டால் கடைசி வார்த்தை நர்மதாவுடையதுதான். அவள் முறுக்கு அப்படி. ஆனால் இந்த வருஷம் ஆரோக்கியமேரி, "பூமிகாவுக்கு இன்னாடி பண்ணப்போற?" என்று கேட்டதும் நர்மதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூமிகாவுக்கு எட்டு வயது. கோதுமை அவள் குடலுக்கு ஆகாது. ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். சென்னை டாக்டர் இதைக் கண்டுபிடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றைக்கே நர்மதா வீட்டிலிருந்து கோதுமையை நாடு கடத்திவிட்டாள். சப்பாத்தி, ரவை, மைதா, சேமியா, பிஸ்கட் எல்லாம் போயிற்று. மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரிசியைப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, அரிசியை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்தாள். இதில் மிக்ஸி ஒரு தடவை புகைந்து நின்றது. அதையும் ரிப்பேர் பண்ணி மறுபடி அரைத்தாள்.

அப்படியும் பிள்ளைக்கு வயிற்றுவலி விட்டபாடில்லை. போன தீபாவளிக்கு நர்மதா அத்தனை காவலோடு சுட்ட முறுக்கைத் தின்றுவிட்டு, மத்தாப்புகூடக் கொளுத்தாமல் பாயில் கிடந்தாள். "எங்கியோ கோதுமை உள்ள போய்க்கினு கீதும்மா, நல்லா பாருங்க," என்றார் டாக்டர். நர்மதாவுக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ராணுவம் மாதிரி காவல் காக்கிற வீட்டில் கோதுமை எந்த வழியாக வரும்?

அதைவிடப் பெரிய அடி ஒன்று போன மாதம் விழுந்தது. காலாண்டு லீவில் நர்மதாவுக்கு இரண்டாம் ஷிப்ட். கணவன் சரவணனுக்கு வள்ளூர் பவர் பிளான்ட்டில் வேலை; அவனும் இல்லை. ஒன்பது நாள் மூன்று வேளையும் பூமிகா கீழ்வீட்டு ஜபீனிடம்தான் சாப்பிட்டாள். ஜபீன் பழவேற்காட்டுப் பெண். புருஷன் அஸ்கர் அலி பொன்னேரி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறான். நர்மதா சொல்லச் சொல்லக் கேட்டு, ஜபீன் கோதுமையைத் தொடாத பாத்திரத்தில் தனியாகச் சமைத்துப் போட்டாள். அந்த ஒன்பது நாளும் பிள்ளைக்கு ஒரு வலி கிடையாது. கன்னம்கூட உப்பிவிட்டது. பத்தாம் நாள் நர்மதா ஆசையாக ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள். சாயங்காலம் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி ஊட்டு சாப்பாடு வலிக்காதும்மா," என்றாள் பூமிகா. குறையாகச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் கேட்ட சேதியைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நர்மதாவுக்கு அதுதான் தாங்கவில்லை. பெற்ற தாயின் கைச்சோறு பிள்ளைக்கு விஷம், கீழ்வீட்டுச் சோறு அமிர்தம் என்றால் எந்தத் தாய் தாங்குவாள்? ஜபீன்மேல் பொறாமையாக இருந்தது. பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. போன வாரம் பூமிகா தானாகவே வந்து, "இந்த தீபாவளிக்கு எனக்கு முறுக்கு வேணாம்மா, நீங்க சாப்புடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நர்மதாவுக்குத் தீபாவளி என்றாலே கசந்தது.

சனிக்கிழமை காலை. தீபாவளிக்கு இரண்டே நாள். நர்மதா சம்பிரதாயத்துக்கு ஒரு தூக்கு முறுக்கு சுட்டு முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜபீன் போனும் கையுமாக மாடியேறி வந்தாள்.

"அக்கா, உன் முறுக்கு எப்புடி பண்றதுன்னு சொல்லு. தீபாவளி லீவுக்குப் பழவேற்காடு போறோம். வாப்பாவுக்கு சக்கரை ஜாஸ்தியாய்க்கினு கீது, இனிப்பே தரக்கூடாதாம். காரமா எதுனா எடுத்துக்கினு போனாத்தான் மனுஷன் மூஞ்சில சிரிப்பு வரும்."

முறுக்கு என்றதும் நர்மதாவின் துக்கம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. வித்தைக்காரியிடம் வித்தையைக் கேட்டால் அப்படித்தான். "எழுதிக்கோ. நாலு பங்கு அரிசி மாவு. ஒரு பங்கு உளுந்து, வறுத்து அரைச்சது. வெண்ண எலுமிச்சங்கா அளவு. எள்ளு, உப்பு. அப்பறம் பெருங்காயம், தாராளமா."

ஜபீனின் விரல் நின்றது. "பெருங்காயமா? எங்க ஊட்ல அது கெடையவே கெடையாதேக்கா."

"கெடையாதா? அப்ப பருப்புக்கு இன்னாடி போடுவ?"

"பூண்டு. எல்லாத்துக்கும் பூண்டுதான். எங்க உம்மா ஊட்லயும் அப்புடித்தான். அது எப்புடிக்கா இருக்கும், காட்டு. பேர் பாத்து வாங்கிக்கிறேன்."

நர்மதா அலமாரியிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். ஜபீன் அதை வாங்கியதும் நேராகப் பின்பக்கம் திருப்பினாள். அது அவள் வழக்கம். மிட்டாயோ கேக்கோ, எந்தப் பொட்டலம் கைக்கு வந்தாலும் ஜெலட்டின் இருக்கிறதா, ஹலாலா என்று பொடி எழுத்தைப் படிக்காமல் வீட்டுக்குள் விடமாட்டாள். அஸ்கர் அலிகூட, "கல்யாணத்தன்னிக்கு என்னையும் திருப்பிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கினா," என்று கிண்டல் செய்வான்.

"'கூட்டுப் பெருங்காயம்'னு போட்டுக்கீதே. இன்னாக்கா அது கூட்டு?"

நர்மதா சிரித்துவிட்டாள். "இதுகூட தெரியாதா உனக்கு? கூட்டுக்குப் போடறதுடீ. பூசணிக்கா கூட்டு, பொடலங்கா கூட்டு. ஆனா நான் எல்லாத்துக்கும் போடுவேன். ரசம், சாம்பாரு, இட்லிப் பொடி…"

கல்யாணமாகிப் பத்து வருஷமாக அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். கூட்டுக்கென்று விசேஷமாகத் தயாரித்த பெருங்காயம் என்றால் வாசனை தூக்கலாக இருக்கும் என்று, தேடிப்பிடித்து அதையே வாங்குவாள். மளிகைக்கடைக்காரரிடம், "சாதா வேணாம், கூட்டுப் பெருங்காயமா குடுங்க," என்று கறாராகக் கேட்பாள். அவரும் பாவம், ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஜபீன் சிரிக்கவில்லை. டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து, போனில் போட்டோ எடுத்து, எழுத்தைப் பெரிசு பண்ணிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"அக்கா."

"இன்னாடி?"

"இது சாப்புடற கூட்டு இல்லக்கா. கூட்டாளி கூட்டு. பெருங்காயத்தோட வேற எதையோ கூட்டு சேத்துக்கீறாங்க."

"இன்னாத்த சேத்துக்கீறாங்க?"

ஜபீன் போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். "கோதும மாவுக்கா."

நர்மதா போனை வாங்கிப் பார்த்தாள். கோதுமை மாவு என்றுதான் இருந்தது. ஒளித்து மறைத்து எழுதியிருக்கவில்லை. இத்தனை நாளும் தன் கைக்குள்ளேயே, தினம் மூன்று வேளை திறந்து மூடிய டப்பாவிலேயே உட்கார்ந்திருந்தது. ரவையை விரட்டினாள், மில்லை விட்டாள், மிக்ஸியை எரித்தாள்; காவல்காரியே திருடனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியிருக்கிறாள்.

பிறகு அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. ரசம். சாம்பார். போன தீபாவளி முறுக்கு. ஜபீன் வீட்டில் இது கிடையாது. ஒன்பது நாள் வலி கிடையாது.

"அடியே ஜபீன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழே தெருவில் போய்க்கொண்டிருந்த பால்காரர் வண்டியை நிறுத்தி மேலே பார்த்தார். "என் கை இல்லடீ! என் கையில ஒண்ணும் இல்லடீ!" ஜபீனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த சரவணன் லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தான். எதிரே நின்ற கோலத்தைப் பார்த்து அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா, இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

"கூட்டு வேற கூட்டாங்க!" என்றாள் நர்மதா. ஜபீன்தான் விளக்கினாள். சரவணன் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தான், என்னவோ அதில் கோதுமை வாசனை வரும்போல. பிறகு உடனே போனை எடுத்து டாக்டருக்குப் போட்டோவை அனுப்பினான். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: 'இதுதான் காரணமாக இருக்கலாம். உடனே நிறுத்துங்கள்.'

நர்மதாவுக்குக் காலில் சக்கரம் கட்டியதுபோல ஆகிவிட்டது. சுட்ட தூக்கு முறுக்கைச் சரவணன் கையில் திணித்து, பிளான்ட்டில் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். பொரித்த எண்ணெயைக் கொட்டச் சொன்னாள். இட்லிப் பொடி, சாம்பார் பொடி, மோர்மிளகாய் எல்லாம் வெளியேறின. முறுக்குக் குழலைத் தேய்க்கப் போனவளை ஜபீன் தடுத்தாள்.

"வாணாங்கா, ஓட்டைக்குள்ள பழசு ஒட்டிக்கினு இருக்கும். எங்க ஊட்டு இடியாப்பக் கொழல எடுத்தாறேன். அது அரிசி மாவத் தவிர வேற எதையும் பாத்ததே கெடையாது."

"அச்சு?"

"ஸ்டார் அச்சும் கீது. வாங்கின நாள்லேர்ந்து பொட்டிலயே தூங்குது."

எல்லாம் சரி, பெருங்காயம் இல்லாமல் முறுக்கா? நர்மதா புதிதாகப் பிசைந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கௌரவமே அந்த வாசனையில்தான் இருந்தது. ஜபீன் கேட்கவில்லை, பத்துப் பல் பூண்டை உரித்து, சீரகத்தோடு அரைத்து, சாற்றைப் பிழிந்து மாவில் விட்டுவிட்டாள். "இன்னிக்கு எங்க கூட்டு போடுவோம், பாப்போம்," என்றாள். முதல் முறுக்கு எண்ணெயில் விழுந்ததும் எழுந்த வாசனையில் நர்மதாவே அசந்துபோனாள். ரயில் சபையில் இதை எப்படிச் சொல்லுவது, பெயர் என்ன வைப்பது என்று அந்த நிமிஷமே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அரைத் தூக்கு ஜபீனின் வாப்பாவுக்கு, மீதி இங்கே. பதிலுக்கு ஜபீன் அவர்கள் பெருநாளுக்குச் செய்யும் கடல்பாசிக்குப் பக்குவம் சொன்னாள். பாசியைத் தண்ணீரில் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் ரோஸ் எசன்ஸும் சேர்த்து, தட்டில் ஊற்றி ஆறவிட்டுத் துண்டு போட வேண்டும், அவ்வளவுதான். ஜெலட்டினும் இல்லை, கோதுமையும் இல்லை. "உன் பொண்ணுக்கும் ஆவும், எனக்கும் ஆவும்," என்றாள்.

தீபாவளியன்று விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் பாவாடை கட்டி வந்த பூமிகாவிடம் நர்மதா தட்டை நீட்டினாள். பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாணாம்மா. இன்னிக்கு பட்டாசு வெடிக்கணும்."

நர்மதா குந்தி உட்கார்ந்தாள். "இது அந்த முறுக்கு இல்ல கண்ணு. வலி எங்க ஒளிஞ்சினு இருந்துச்சுன்னு ஜபீன் ஆன்ட்டி கண்டுபுடிச்சிட்டாங்க. அத தூக்கிப் போட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு. அம்மாவுக்காவ."

பூமிகா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு முனையை ஒடித்து வாயில் போட்டாள். பிறகு முழுசாக ஒன்று. பிறகு நர்மதா எண்ணுவதை விட்டுவிட்டாள். பட்டாசு வெடிக்கும்போதும், மத்தியானம் சாப்பிடும்போதும், டிவி பார்க்கும்போதும் நர்மதாவின் கண் பிள்ளையின் வயிற்றிலேயே இருந்தது. கை தற்செயலாக வயிற்றுப் பக்கம் போனால்கூட இவளுக்குத் திக்கென்றது. ஒரு தடவை நிஜமாகவே கை போயிற்று. பாவாடை நாடா தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஜபீன் குடும்பம் பழவேற்காட்டிலிருந்து திரும்பியது. கீழே வண்டிச் சத்தம் கேட்டதோ இல்லையோ, பூமிகா தட்டில் முறுக்கை அடுக்கி, மேலே கைக்குட்டையைப் போட்டு மூடி, மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள். விழுந்துவிடப் போகிறாளே என்று பின்னாலேயே போன நர்மதா, பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

கீழே ரோஸ் நிறக் கடல்பாசித் தட்டோடு ஜபீன் வாசலில் நின்றிருந்தாள். "வாப்பா ஒத்த ஆளா பாதித் தூக்கு காலி பண்ணிட்டாரு. இன்னும் வேணுமாம்," என்று அவள் சொல்லி முடிக்கவில்லை.

"ஆன்ட்டி, ஆன்ட்டி!" பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. ஊருக்கே சொல்லும் குரலில் கத்தினாள்: "எங்கம்மா முறுக்கும் வலிக்காது!"

நர்மதா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.