ரகசிய விசாரணைக்கு வெளியே ஒரு பெஞ்சு

1

"அவன்தானே கடிச்சான், என்னை ஏன் கடைசி பெஞ்சுக்கு மாத்தினாங்க?"

கேட்டது என் அக்கா மகள். ஒன்றாம் வகுப்பு. கையில் பல் தடம் இருந்தது. "உன் பாதுகாப்புக்குத்தான் கண்ணு" என்றேன். சொன்ன வாய் கசந்தது. இந்தக் கதை பிறந்தது அங்கே. வளர்ந்தது ஒரு பல்கலைக்கழகத்தில்.

2

முதல் தொடக்கம்: அன்று வானம் இருண்டு

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: அவள் வேதியியல் மாணவி, கடைசி வருடம். எல்லோரும் 'அண்ணன்' என்று கூப்பிடும் ஆராய்ச்சி மாணவன் ஒருவன் ஆய்வகக் கதவைத் தாழிட்டு, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவளை

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். நடந்ததை அவள் ஏற்கெனவே மூன்று அறைகளில் சொல்லிவிட்டாள். நான்காவது அறையாக என் கதை வேண்டாம்.)

3

பல்கலைக்கழகம் சும்மா இருந்ததாக யாரும் குறை சொல்ல முடியாது. அவள் புகார் கொடுத்த உடனே நடவடிக்கை எடுத்தது: அவள் ஆய்வகத்துக்கு வரக் கூடாது. அவள் பாதுகாப்புக்குத்தான். அண்ணன் வழக்கம்போல் வந்துபோனான். அவன் பாதுகாப்புக்கு ஆபத்து எதுவும் இல்லையே. செய்முறையை முடிக்காவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

ரகசியம் காப்பதிலும் குறை வைக்கவில்லை. விசாரணை அறை வாசலில் பெரிய பலகை: 'பாலியல் புகார். ரகசிய விசாரணை. கூட்டம் சேராதீர்.' பலகைக்கு நேர் கீழே, புகார் கொடுத்தவர் காத்திருக்க ஒரு பெஞ்சு. எதிரே கேண்டீன். டீ குடிக்க வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள். பிறகு அவள் முகத்தைப் படித்தார்கள்.

அப்போது ஒருத்தி வந்தாள். முன்பின் தெரியாதவள், ஏதோ மேல்வகுப்பு. தோளில் புத்தகப் பை.

"கொஞ்சம் தள்ளி உக்காருப்பா."

"அக்கா, இது... புகார் கொடுத்தவங்க உக்கார்ற இடம்."

"தெரியுது. பலகைதான் மைக் வெச்ச மாதிரி சொல்லுதே. ரெண்டு பேர் உக்காந்தா யாருன்னு தெரியாம முழிப்பாங்கல்ல? முழிக்கட்டும்."

புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள். அதன்பின் வந்தவர்கள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ ஆறுவதற்குள் நகர்ந்தார்கள்.

4

விசாரணைக் குழுத் தலைவியைக் கொடியவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை. உள்ளே வந்த அவள் வியர்த்திருப்பதைப் பார்த்து அவரே எழுந்து மின்விசிறியைக் கூட்டிவைத்தார். (அவர் நல்லவர்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு சிரமம்.)

"புகாரை வாபஸ் வாங்கிட்டா நாளைக்கே லேப்புக்குப் போகலாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நாளைக்கே. அந்தச் சொல் அவளை இழுத்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை; இடுக்கில் பெஞ்சு தெரிந்தது. அந்த அக்கா பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் போகவில்லை.

"வாபஸ் வாங்க மாட்டேன் மேடம். லேப்புக்கு நான் போறேன். அவரை வர வேணாம்னு சொல்லுங்க."

இப்படியும் ஒரு வழி இருப்பது குழுவில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"பரிசீலிக்கிறோம்" என்றார் தலைவி.

அவள் வெளியே வந்தபோது பெஞ்சு காலி. பெயர்கூடக் கேட்கவில்லை.

5

முடிவுகள்:

(அ) அண்ணனை நீக்கினார்கள். அவள் ஆய்வகத்துக்குத் திரும்பினாள்.

(ஆ) அவளுக்கு ஒரு வருடம் போனது.

(இ) குழுவின் பதவிக்காலம் முடிந்தது. புதிய குழு, "முதல்லேருந்து சொல்லும்மா" என்றது.

முதலாவது என் பிரார்த்தனை. மற்ற இரண்டும் வழக்கம். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நீங்களும் எங்கோ ஒரு குழுவில் இருப்பவர்தானே.

எது நடந்திருந்தாலும், பின்னொரு நாள் அவள் அந்த வழியே போனாள். கேண்டீன் மூடியிருந்தது. பலகை மட்டும் அப்படியே. அதன் கீழே புதிதாக ஒரு பெண், செருப்பைப் பார்த்தபடி. அந்த நடைவழியில் வேறு யாரும் இல்லை. முழிக்க வைக்கவும் ஆள் இல்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காருப்பா" என்றாள் அவள்.

அந்தப் பெண் தள்ளி உட்கார்ந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நீங்களும் பார்க்க வேண்டாம்.