ஸுல்பிகாவின் வளவில் நின்ற குதிரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, மருதமுனையில் ஸுல்பிகாவின் வீட்டு வளவுக்குள் கண்ணுக்குத் தெரியாத குதிரை ஒன்று வந்து நிற்கத் தொடங்கியது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வரும், பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் போய்விடும். மணலில் குளம்புத் தடம் விழும், முருங்கைக் கன்றின் குருத்து கடிபடும். அந்தக் கரையோரத்தில் அப்போது குதிரை வைத்திருந்தவர் எவருமில்லை. இருந்தும் ஊர் குதிரையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அதில் ஏறி வருகிறவன் யார் என்றுதான் கேட்டது.

எல்லோரையும்விட அதிகம் கேட்டவன் அவளுடைய புருஷன் மீராமுகைதீன். தறியில் ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரம் நெய்கிறவன். நிந்தவூரில் பிறந்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிவந்தவன். சீதன வீட்டில் இருக்கிற ஆணுக்குச் சந்தேகம் வந்தால் மனைவியைப் போகச் சொல்ல முடியாது, தன் பெட்டியைத்தான் தூக்க வேண்டும். அந்தப் பயமும் சேர்ந்து அவனை அரித்தது.

குதிரை வந்தது அவள் பழைய கையெழுத்துக் கிதாபு ஒன்றைத் திறந்த நாளிலிருந்து. ஹஜ்ஜுக்குப் போன அவளுடைய வாப்பாவுக்கு, கூடத் தங்கியிருந்த ஒரு முதியவர் சாகும் தறுவாயில் கொடுத்த கிதாபு அது. எழுத்து அறபு, மொழி அறபில்லை. தமிழையே அறபு எழுத்தில் எழுதி ஓதிப் பழகிய பெண்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அந்த எழுத்தில் இருந்தால் அருள் தரும் பரக்கத்தான விஷயமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, சாம்பிராணி போட்டு, முக்காடிட்டு, காய்ச்சல் தணிய அவளை ஓதச் சொன்னார்கள். காய்ச்சல் தணியவும் செய்தது. மீராமுகைதீனுக்கு மட்டும் அவள் ஓதும் குரல் பிடிக்கவில்லை. தன்னோடு அவள் அப்படிக் குழைந்து கதைத்ததே இல்லை. வாசலில் சாம்பல் தூவிப் பார்த்தான். குளம்புத் தடம் இருந்தது, மனிதக் கால்தடம் இல்லை. இறங்காமலே கதைத்துவிட்டுப் போகிறான் கள்ளன் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான்.

அடுத்த ஆண்டு சாரம் வாங்க வந்த வட ஆபிரிக்காவின் தஞ்சியர் நகரத்து வியாபாரி ஒருவர், பள்ளிவாசலில் அந்தக் கிதாபைப் புரட்டிவிட்டு அழுதார். அவர் அறபில் சொன்னதைத் தொழுகை நடத்தும் லெப்பை தமிழில் சொன்னார். மொழி ஸ்பானியம். முன்பு ஸ்பானிய நாட்டில் முஸ்லிம்களின் மார்க்கத்தையும் அறபு எழுத்தையும் தடைசெய்திருந்த காலத்தில், உயிருக்குத் துணிந்து எழுதிச் சுவருக்குள் ஒளித்து வைத்தது. ஆனால் வேதமில்லை, காதல் கதை. ஒருவன் மனைவியைச் சந்தேகித்து ஊரைவிட்டுப் போகிறான். அவள் அவனைக் கூட்டிவரக் குதிரையை அனுப்புகிறாள். ஊர் சிரிக்குமே என்று அவன் ஏறாமல் நிற்கிறான். அதோடு கதை முடிகிறது.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் கூடி, கிதாபைக் கடலில் விடச் சொன்னார்கள்.

“உசிரக் குடுத்துக் காப்பாத்தின எழுத்து. நான் போடமாட்டன்” என்றாள் ஸுல்பிகா.

எல்லோரும் புருஷனைப் பார்த்தார்கள். “குதிரையில வாறவன் ஆரு புள்ள?” என்று அவன் சபையிலேயே கேட்டுவிட்டான்.

“ஒருத்தரும் இல்ல மச்சான். நம்பினா இரிங்க.”

அன்று பின்னேரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிந்தவூருக்கு பஸ் ஏறினான்.

உம்மா வீட்டில் சோறு இறங்கவில்லை. அவள் பொய் சொன்னாளா என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்க முடியவில்லை. சில வாரங்கள் கழித்து, கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பிடரியில் சூடான மூச்சுப் பட்டது. கையை நீட்டினான். கழுத்து, பிடரிமயிர், சேணம். சேணத்தின் மேல் கனத்த தூசி. ஆள் உட்கார்ந்த அடையாளமே இல்லை. உள்ளங்கையில் ஒட்டிய அந்தத் தூசியைப் பார்த்தபோது வெட்கத்தால் அவன் முகம் எரிந்தது.

“என்னடா, காத்தத் தடவுறாய்?” என்றான் கடைக்காரன் பளீல். கடையே சிரித்தது.

கழுதை மேல்கூட ஏறியறியாதவன், உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையில் கால் வைத்து ஏறினான். காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று பட்டப்பகலில், தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்தில், கவட்டை விரித்தபடி அவன் வெறுங்காற்றில் போனதை ஊர் ஊராக நின்று பார்த்தார்கள். பிள்ளைகள் கூவினார்கள், பெரியவர்கள் காறித் துப்பினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கிதாபைப் பற்றிக் கதைக்க வந்திருந்த மரைக்காயர்மார் ஸுல்பிகாவின் வேலியோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“எறங்கத் தெரியுமா மச்சான்?”

“தெரியா புள்ள.”

அவள் தோளைக் கொடுத்தாள். மரைக்காயர்மார் வந்த விஷயத்தைச் சொல்லாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு உம்மாவைப் பார்க்க நிந்தவூருக்குப் போவதற்கு மீராமுகைதீன் பஸ்ஸுக்குக் காத்து நின்றதில்லை.