அண்ணன் இங்கேதான் குடியிருக்கிறார்

1

இதைக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பெருநகரங்களின் வரவுசெலவும் வீட்டு வாடகையும் பற்றிய கட்டுரை. முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டியபோது, எனக்கு இருக்கும் ஒரே ரசிகையான என் மனைவி கொட்டாவி விட்டாள். "இதுல ஆளுங்க யாராவது வருவாங்களா?" என்று கேட்டாள். யாரும் வரவில்லை. அதனால் ஒருவரை உள்ளே விட்டேன். தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஓடிவந்து சரிசெய்யும் மாநகராட்சி ஊழியர்.

[நகரம் இன்னும் கண்விழிக்காத அந்த வேளையில், பூமிக்கடியில் எங்கோ ஒரு குழாய்...

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அவரை வீரராக்கிவிடுவேன். அவர் பொய் சொல்லிவிட்டு முழிக்கப் போகிறவர்.]

2

பொய் இதுதான். அவசர வேலைக்கு வருகிறவர்கள் நகர எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. இவரோ வாடகை கட்டுப்படியாகாமல் எல்லைக்கு வெளியே குடிபோய் வெகுகாலம் ஆகிறது. அலுவலகத்தில் தங்கையின் முகவரியைக் கொடுத்திருக்கிறார். அதைச் சரிபார்க்க ஆய்வாளர் வருகிறார். குட்டு வெளிப்பட்டால் வேலை போய்விடும்.

(கட்டுரைக்காரன் ஒரு நிமிடம் தலையை நீட்டுகிறான், பொறுத்துக்கொள்ளுங்கள். இவருடைய சம்பளம் சொத்துவரியிலிருந்து வருகிறது. வீடுகளின் மதிப்பு ஏறினால்தான் வரி ஏறும். மதிப்பு ஏறினால் வாடகையும் சும்மா இருக்காது. ஆக, இவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கிடைக்க வேண்டுமென்றால், இவர் அங்கே குடியிருக்க முடியாமல் போக வேண்டும். யாரும் திட்டமிட்டுச் செய்த சதி இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.)

3

தங்கையை எழுதுவதுதான் சிரமமாக இருந்தது. 'அண்ணனுக்காக எதையும் செய்வாள்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதித்தாள்.

"மாட்டினா எனக்கும்தானே அசிங்கம் அண்ணே?"

"கொஞ்ச நேரந்தான். நீ விருந்தாளி மாதிரி உக்காந்திரு, போதும்."

சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தன் கல்யாணப் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தாள். கொடியில் அண்ணனின் வேலைச் சட்டையைக் காயப்போட்டாள். அண்ணனும் அண்ணியும் வீட்டுக்காரர்களாக நடிக்க வந்து சேர்ந்ததும், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். (அவள் கணவரை நான் காலையிலேயே வேலைக்கு அனுப்பிவிட்டேன். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும்.)

4

ஆய்வாளர் வந்தார். களைத்துப்போன, நல்ல மனிதர். கொடியைப் பார்த்தார், படுக்கையறையை எட்டிப் பார்த்தார், பிறகு அண்ணியிடம், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்றார்.

அண்ணி சமையலறைக்குப் போனாள். ஒரு அலமாரியைத் திறந்தாள், பருப்பு டப்பாக்கள். அடுத்ததைத் திறந்தாள், தட்டுகள். ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். தங்கை நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"கீழ் தட்டுல பாருங்க அண்ணி. நேத்து வந்ததும் நான்தான் எல்லாத்தையும் இடம் மாத்தி வச்சேன்."

அண்ணி டம்ளரோடு திரும்பி வந்தாள். "நாத்தனார் வந்துட்டா என் வீட்ல ஒரு சாமான் என் கைக்கு அகப்படாது சார்."

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வீட்லயும் அதே கதைதாம்மா."

'என் வீட்ல' என்று அண்ணி அவ்வளவு சரளமாகச் சொன்னது தங்கைக்குச் சுருக்கென்றது. கூடவே சிரிப்பும் வந்தது. அண்ணி இவ்வளவு கெட்டிக்காரி என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவள்மேல் பிரியமும் வந்தது.

5

இங்கே முடித்துவிடலாம். ஆனால் ஆய்வாளர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவரும் எல்லைக்கு வெளியேதான் குடியிருக்கிறார், அதனால் கண்டும் காணாமல் போய்விட்டார் என்று ஒரு முடிவு வைத்திருந்தேன். நீங்கள் அப்போதே ஊகித்திருப்பீர்கள். தவிர, ஒருவருடைய பெருந்தன்மையில் இந்தக் குடும்பம் பிழைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

மாநகராட்சியே விதியை மாற்றிவிட்டது என்று இன்னொரு முடிவு. அந்த அளவுக்கு எனக்குக் கற்பனை போதாது.

6

ஆய்வாளர் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒரு மரியாதைக்காக, தங்கையிடம் கேட்டார். "நீங்க எங்கேருந்தும்மா வந்திருக்கீங்க?"

அவசரத்தில் வாயில் வந்தது ஒரே இடம்தான். அண்ணன் உண்மையில் குடியிருக்கும் இடம். அதைச் சொல்லிவிட்டாள்.

"அட, அங்கேருந்தா? நானும் அந்தப் பக்கம் வீடு பாக்கலாம்னு இருக்கேன், இங்க வாடகை குடுத்து மாளல. எப்படி வந்தீங்க? எந்த பஸ்?"

(அடித்துப்போட்ட முடிவு கொல்லைப்புறமாக உள்ளே வருகிறது. வரட்டும்.)

தங்கைக்குத் தெரியவில்லை. அண்ணன் குடிபோனதிலிருந்து அவள் அங்கே ஒருமுறைகூடப் போனதில்லை. எப்போதும் அவர்கள்தான் கிளம்பி வர வேண்டும். வராவிட்டால், "பெரிய தூரமா என்ன, மனசு இல்லன்னு சொல்லுங்க" என்று குத்திக்காட்டுவாள். இப்போது வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. அந்த வழியில் அலைந்து அலைந்து ஓய்ந்த இரண்டு பேர் பக்கத்திலேயே நிற்கிறார்கள். ஆனால் நேற்று அவள் வந்ததாகச் சொன்ன வழியை, இங்கேயே குடியிருப்பதாக நடிக்கும் அவர்கள் எப்படி எடுத்துக்கொடுக்க முடியும்?

ஆய்வாளர் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். கையெழுத்து இன்னும் விழவில்லை.

எனக்கும் அந்த வழி தெரியாது. நான் எல்லைக்குள் குடியிருப்பவன். நீங்கள் அந்தப் பக்கத்துக்காரராக இருந்தால், ஒருவேளை இதையே அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிறவராக இருந்தால், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்குச் சொல்லுங்கள். எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்கி மாற வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்.

கொஞ்சம் சீக்கிரம்.