இரண்டே சீட்

மூன்று பேர் சேர்ந்து, இரண்டே பேர் உட்காருகிற காரை வாங்கினால் என்ன ஆகும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கிற நேரமா அது? ஆர்டர் கொட்டிக்கொண்டிருந்தது. பொங்கியண்ணன், சாமியப்பன், முருகவேல் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். திருப்பூர் நல்லூரில் வாடகைக் கட்டடத்தில் பனியன் துணிக்கு நிட்டிங் மெஷின் ஓட்டத் தொடங்கி, சாயம் போடுகிற டையிங், எக்ஸ்போர்ட் என்று மளமளவென வளர்ந்தவர்கள். சரக்கு வாங்குகிற பையரைப் பார்க்க ஜெர்மனி போன பெரியவர் பொங்கியண்ணன், அங்கே ஒரு வெள்ளிக் கலர் ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, வாங்கினால் அதைத்தான் வாங்குவது என்று ஒற்றைக் காலில் நின்றார். வாங்கினார்கள். ஆறு கியர், எல்லாம் கையால் போடுவது. கிளட்சை மிதித்து மிதித்துத் தொடை கடுக்கும். அந்தக் கடுப்பிலேதான் பெரியவருக்கு அத்தனை சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவிநாசி ரோடுதான். பெரியவர் ஓட்டுவார். பக்கத்து சீட்டு முருகவேலுக்கு. கடைக்குட்டி, அண்ணனுக்குச் செல்லம், வேறு யாருக்குப் போகும்? நடுவில் பிறந்த சாமியப்பன் பெண்டு பிள்ளைகளையும் டிபன் தூக்கையும் தண்ணீர்க் கேனையும் இன்னோவாவில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவார். அவருக்கு ஒரு தடவைகூட அந்தச் சீட்டு கிடைக்கவில்லை என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற ஆள் இல்லை அவர், மனசில் போட்டு வைத்துக்கொள்கிற ஆள்.

பாகம் பிரிக்கிற நாள் வந்தபோது நிலம், மெஷின், கட்டடம் எல்லாம் மரியாதையாகத்தான் பிரிந்தன. காரில் வந்து முட்டிக்கொண்டது. அதற்குள் அந்தக் கம்பெனிக்காரன் மூன்று பெடல் வைத்த வண்டி செய்வதையே நிறுத்திவிட்டான். இனிமேல் எல்லாம் தானாகக் கியர் மாற்றிக்கொள்கிற வண்டிதானாம். உடனே பழையதற்கு எங்கிருந்துதான் வந்ததோ அப்படியொரு மவுசு. பம்பாயிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கார் சேகரிக்கிறவர்கள் போன் மேல் போன் போட்டார்கள். காதர்பேட்டைச் சந்தையில் பனியன் விலை இறங்க இறங்க இதன் விலை ஏறிக்கொண்டே போனது. ஏறுகிற பொருளை யார் விட்டுக் கொடுப்பார்கள்?

தாய்மாமன் ஆத்தப்பன் தலைமையில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, இரண்டு வேளை சாப்பிட்டு, ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். கார் மூவருக்கும் பொது. முருகவேலின் குடோனில் நிற்கட்டும். சாவி பெரியவரிடம். கியர் ராடைக் கழற்றிச் சாமியப்பனிடம் கொடுத்துவிடுவது. மூன்று பேரும் மனம் ஒத்தால் வண்டி நகரும், இல்லாவிட்டால் நிற்கும். இதற்குத் தீர்ப்பு என்று பெயர். ஏழு வருடமாக வண்டி நின்றது. சாமியப்பன் மற்ற இருவர் வீட்டுப் படியையும் மிதிக்கவில்லை.

அப்புறம் பெரியவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, கூட்டி வருவது, வாந்தி எடுத்தால் கையில் ஏந்துவது என்று எல்லாம் முருகவேல்தான். அண்ணி பழனியம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெற்ற மகன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று சொல்லிச் சொல்லி அழுவாள். அதைக் கேட்க முருகவேலுக்குப் பிடித்திருந்தது. அண்ணன் தனக்கு மட்டுமே என்று ஆகிப்போன அந்த மாதங்களில் அவனுக்கு வருத்தத்தோடு வருத்தமாக ஒரு பெருமையும் இருந்தது. நடு அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லவேண்டும் என்று தோன்றும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவான்.

இனி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் கைவிரித்த வாரம், பெரியவர் தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஒருக்கா அந்த வண்டியில போகோணும்டா. பெருமாநல்லூர் வரைக்கும் போயிட்டு வந்தாப் போதும். என்னால மிதிக்க முடியாது. பக்கத்துல ஒக்காந்துக்கறேன்."

அதற்கென்ன, லேத்தில் கொடுத்தால் பொழுதுக்குள் ஒரு ராடு அடித்துத் தந்துவிடுவான் என்றான் முருகவேல். பெரியவர் தலையை ஆட்டினார்.

"ராடு எவன் வேணும்னாலும் செஞ்சு குடுப்பான். சாமியப்பன் குடுக்கோணும். நீ அவன்ட்டப் போயிக் கேளு."

என்ன கேட்கிறார் என்று ஒரு பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். முருகவேலின் காதில் ராடு மட்டும்தான் விழுந்தது.

ஏழு வருடம் கழித்து அன்றைக்குத்தான் சாமியப்பனின் டையிங் ஆபீசுக்குள் நுழைந்தான். மறுப்பார், சண்டை போடுவார் என்று எண்ணி, போகிற வழியெல்லாம் அதற்கான பதில்களைத் தயார் பண்ணிக்கொண்டு போனான். ஒன்றுக்கும் வேலை இருக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் சாமியப்பன் எழுந்து பீரோவைத் திறந்து ராடை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளை பனியன் துணியில் சுற்றி, எண்ணெய் போட்டு வைத்திருந்தார். துரு என்று ஒரு புள்ளி கிடையாது.

"யாரு ஓட்டறது?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க."

சாமியப்பன் ராடின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நான் ஓட்டறேன்டா. ஞாயித்துக்கெழம காலைல வாரேன். நீ வண்டியத் தொடச்சு வெய்யி" என்றார்.

அவ்வளவுதான் அவர் கேட்டது. அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. முருகவேலுக்கோ உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. வாந்தி அள்ளியவன் இவன், அண்ணன் பக்கத்தில் உட்கார இன்னொருத்தரா? ஆஸ்பத்திரிப் படி மிதிக்காதவர்களுக்குக் கடைசியில் வந்து ஓட்டுவதற்கு மட்டும் கை நீளுகிறதோ என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"நீ போன் பண்ணிச் சொன்னியாடா? காலேஜ் ரோட்டுல எவனோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்," என்றார் சாமியப்பன். "கூப்படாத எப்படி வர்றது?"

அது நிஜம். நிஜம் என்பதால்தான் இன்னும் கோபம் வந்தது. அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தான். நான் ஓட்டுகிறேன் என்று சொன்னதைச் சொல் என்று பின்னாலிருந்து சாமியப்பன் சொன்னது கேட்டது.

பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் பண்ணச் சொல்லிப் பண்ணிக்கொண்டார் போல, முகம் பளிச்சென்று இருந்தது. என்ன சொன்னான் என்று கேட்டார். முருகவேல் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்த முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்தான். அது தனக்கானது இல்லை என்று தெரிந்தது.

"தரமாட்டேன்னுட்டாருங்கண்ணா."

பெரியவர் அவனையே பார்த்தார். "சரி, உடு" என்றார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பாவி, அந்த இடத்திலேயே காலைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தான். சாயங்காலம் அண்ணி கூடவே இருந்தாள். மறுநாள் சொல்லப் போனபோது பெரியவர் கண்ணை மூடிக் கிடந்தார், தூங்குகிறாரா வேண்டாம் என்று கிடக்கிறாரா தெரியவில்லை. அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் கொதித்தது. கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, வாயில் குழாய் போட்டு, ஐசியூவில் வைத்தார்கள். முருகவேல் காதருகே குனிந்தான். நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வரவேயில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் முடிந்துபோனது.

ஆஸ்பத்திரியிலிருந்து இந்தத் தடவை முருகவேலே போன் பண்ணிச் சொன்னான். சாமியப்பன் போட்டிருந்த சட்டையோடு ஓடி வந்தார். பழனியம்மாளை உறவுக்காரர்கள் வேறு காரில் முன்னால் கூட்டிப் போய்விட்டார்கள். ஆம்புலன்ஸில் பெரியவரோடு தம்பிகள் இரண்டு பேரும் ஏறி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். கருமத்தம்பட்டியில் வண்டி நெரிசலில் நின்றபோது சாமியப்பன் கேட்டார்.

"நான் ஓட்டறேன்னதச் சொன்னியா?"

"சொன்னனுங்க."

"அண்ணன் என்ன சொல்லுச்சு?"

செத்தவரிடம் சொன்ன பொய்யை இனித் திருத்த முடியாது. உயிரோடிருப்பவருக்காவது ஒரு நல்ல வார்த்தை இருக்கட்டும் என்று நினைத்தான் முருகவேல். "சந்தோசப்பட்டாருங்க. அவனே ஓட்டட்டும்னாருங்க" என்றான்.

சாமியப்பனின் முகம் அப்படியே இளகியது. துணிக்கு மேலாக அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவிநாசி வரும்வரை அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்பறம் ஏன்டா என்னயக் கூப்படல? போனக் கையிலயே வெச்சுட்டு ஒக்காந்திருந்தனே."

முருகவேல் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம், மறந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். குனிந்து தன் கைகளைப் பார்த்தான். சாமியப்பன் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு விளங்கிவிட்டது.

"தரமாட்டேன்னு சொன்னேன்னு சொல்லீட்டியா?"

முருகவேல் இல்லை என்று சொல்லவில்லை.

சாமியப்பன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மெல்ல எழுந்து, ஓடுகிற வண்டியில் தடுமாறி, தலைமாட்டுக்குப் போய் மண்டியிட்டார். முகத்துணியை விலக்கி அண்ணனின் காதோடு வாயை வைத்தார்.

"அண்ணா, நான் தர்றேன்னுதானுங்க சொன்னேன்."

திருமுருகன்பூண்டி தாண்டியும், திருப்பூர் வந்தும், வீட்டு வாசலில் கதவைத் திறக்கும்வரை அதையே அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.