நான் எந்தப் பக்கம்

தமாரா சொன்னதை நான் நம்பவில்லை. இந்த டே கேரில் யார் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை. காலையில் வேன் வந்து பிரிட்ஜ்வாட்டர் கிழடுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். இறங்கியதும் ஆளாளுக்கு ஜமீன் பரம்பரை ஆகிவிடுவார்கள். பிச்சுமணியின் தாத்தா வீட்டில் யானை இருந்ததாம். போய்ப் பார்த்தவன் எவன்?

தமாரா ரஷ்யாக்காரி. கேரம் போர்டில் கள்ளாட்டம் ஆடுவாள். எங்கள் இரண்டு பேர் இங்கிலீஷையும் கூட்டினால் ஒரு ஆளுக்குக்கூடப் போதாது. அதனால் அவள் தன் பாஷையில் போனிடம் பேசுவாள். அது தமிழில் ரேடியோ செய்தி மாதிரி வாசிக்கும்.

அன்றைக்குப் போன் வாசித்தது: "என் பாட்டியின் பாட்டி அக்லாயா, பேரரசரின் குடும்பத்தில் இரண்டு முறை திருமணம் செய்துகொண்டார்."

"ஒரே குடும்பத்துலயா?" என்றேன்.

ஒரே குடும்பம்தானாம். முதலில் ராஜாவின் தம்பி மகன். அவன் செத்த பிறகு, அவனுடைய சித்தப்பா மகன்.

பிச்சுமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஓய் நஞ்சப்பன்! உம்மாத்துக் கதைய யாரோ இவகிட்ட போட்டுக் குடுத்துட்டா!"

எனக்குச் சுருக்கென்றது. என் மகன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. மருமகள் சாந்திதான் எனக்குச் சோறு போடுகிறாள். இப்போது டெக்ஸஸ் பிளானோவில் இருக்கிற என் தம்பி மகன் நெடுஞ்செழியன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று நிற்கிறான்.

சாந்தி என்னிடம் நேராகவே கேட்டாள். "மாமா, நீங்க சரின்னாச் சரிங்க. இல்லீன்னா இந்தப் பேச்சே வேண்டாமுங்க."

"அண்ணின்னு கூப்பிட்டவன். ஊர் பேசும்" என்று தட்டிவிட்டேன்.

ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், கோபிச்செட்டிபாளையத்தில் பேசுவது இங்கே கேட்கவா போகிறது? என் பயம் வேறு. அவள் டெக்ஸஸ் போய்விட்டால் எனக்கு எந்த வீடு? மகனும் இல்லை, அவளும் இன்னொருத்தன் பெண்டாட்டி என்றால் நான் அவளுக்கு யார்? கையில் ஒரு டிக்கெட்டைக் கொடுத்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். கேட்டுவிடலாம்தான். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

தமாராவிடம், "அந்த மொத மாமனார் என்ன ஆனான்? அதச் சொல்லு" என்றேன்.

அவன் லேசுப்பட்டவன் இல்லை. அக்லாயா பெரிய இடத்துப் பெண்தான், ஆனால் ராஜ ரத்தம் இல்லையாம். அதனால் முதல் கல்யாண விருந்தில் அவளைத் தன் மேசையிலேயே உட்காரவிடவில்லை. கடைசி மேசையில் போய்ச் சாப்பிட்டாளாம்.

போன் மேலே வாசித்தது: "இரண்டாம் திருமணத்தின்போது அக்லாயாவின் தந்தை உயிரோடு இல்லை. ஆகவே அந்த மாமனாரே தந்தையின் இடத்தில் அமர்ந்து அவரை மணம் செய்து கொடுத்தார். எங்கள் நாட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பின்னர் இறக்கும்வரை அக்லாயாவின் வீட்டிலேயே வசித்தார். மிகவும் தொந்தரவு கொடுத்தார்."

அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. இட்டுக்கட்டுகிறவளுக்கு அது தோன்றாது.

சாயங்காலம் சாந்தி வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "உங்கப்பன் இல்ல. தாரை வாக்க ஆள் வேணுமில்ல? நானே வாக்கறேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "மாமா, நீங்க மாப்பிள்ளைக்குப் பெரியப்பாங்க. அந்தப் பக்கமில்ல நிக்கோணும்?"

"அந்தப் பக்கம் என்ற தம்பி நிக்கட்டும். வெட்டியாத்தான இருக்கறான்."

அவள் அழுதாள். எனக்கு அதெல்லாம் ஒத்துவராது. டிவியைப் போட்டுக்கொண்டேன்.

பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் கல்யாணம். ஐயர் என்னைப் பார்த்ததும், "நீங்க பிள்ளையோட பெரியப்பான்னாளே?" என்று தலையைச் சொறிந்தார்.

"இப்பப் பொண்ணுக்கு அப்பன். ஆக வேண்டியதப் பாருங்க."

தண்ணீரை வார்த்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் வாய் சும்மா இருக்காது. "அண்ணா, பொண்ணக் குடுத்தவன் மாப்பிள்ளை வீட்ல ஒரு வாரத்துக்கு மேல தங்கப்படாது. தெரியுமல்ல?"

கையில் எடுத்த ஜிலேபியை இலையிலேயே போட்டுவிட்டேன். அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் இருந்தது. ஆனால் தாரை வார்க்கிற அவசரத்தில் இதை யோசிக்கவில்லை. இருந்த வீட்டை நானே தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துவிட்டேனே!

சாந்தி காதில் அது விழுந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, எனக்கு அப்பனா வந்தா ஒரு வாரந்தானுங்க. அவருக்குப் பெரியப்பனா வந்தா அது உங்க வீடு. கீழ் ரூமுக்குப் பெயிண்டெல்லாம் அடிச்சாச்சு. வந்து கலரப் பாத்துட்டுத் திட்டுங்க. இப்ப ஜிலேபியத் தின்னுங்க."

"முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

பிளானோவுக்கு வந்துவிட்டேன். ரூம் பச்சை. பாசி பிடித்த தொட்டி மாதிரி இருக்கிறது. திட்டினேன். நேற்று தமாராவுக்குப் போன் போட்டு, அந்த மாமனார் என்னென்ன தொந்தரவு கொடுத்தான் என்று விவரமாகக் கேட்டு வைத்துக்கொண்டேன்.