வாசற்படி வரை செல்லுபடியாகும்

மின்கட்டணம் ஏறிய அதே மாதத்தில், சொக்போ துறைமுகத் தெருவில் கருவாட்டுக் கடைக்கு மேலே இருந்த ஜொம்சுன் மசாஜ் நிலையத்தில் இருட்டு வந்து குடியேறியது. பகலிலும் இருட்டுதான். பல்பு எரிந்தது, தொட்டால் சுட்டது, மீட்டரும் ஓடியது, வெளிச்சம் மட்டும் வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று வந்தது, மீன் வாடை வந்தது, ஏலக்காரர்களின் கத்தல் வந்தது. வெயில் மட்டும் ஜன்னலோடு நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் இரண்டு முறை ஒயர் மாற்றிப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, கூலி வாங்கக் கூச்சப்பட்டுப் போய்விட்டான். இந்த விஷயம் ஊரில் கடைசியாகத் தெரிந்தது ஜொம்சுன்னுக்குத்தான். அவளுக்குக் கைக்குழந்தையிலேயே அம்மை கண்டு பார்வை போயிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் செருப்பு தடுக்கி விழுவதைக் கேட்டு, இந்த ஊர் ஆம்பளைகளுக்கு என்ன கேடு, காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார்களே என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது தேபோக் என்ற மசாஜ்காரனின் கைத்தடியோடு சியோலிலிருந்து பஸ் ஏறி வந்தது. எங்கள் நாட்டில் மசாஜ் செய்ய அரசு உரிமம் வேண்டும். அந்த உரிமம் பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும்தான். கண் உள்ளவர்கள் காசு வாங்கிக்கொண்டு ஒரு முதுகைப் பிடித்துவிட்டால் அபராதம், மிஞ்சினால் சிறை. கண் உள்ளவர்களுக்கு ஆயிரம் தொழில், நமக்கு இது ஒன்றுதானே என்பது பார்வையற்றோர் சங்கத்தின் வாதம், அதில் தப்பும் இல்லை. ஒரு வருஷம் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டது. நாடெங்கிலும் இருந்து மசாஜ்காரர்கள் சியோலுக்குப் போய் ஆற்றுப்பாலத்தில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். ஜொம்சுன்னும் போனாள், பக்கத்தில் தேபோக் உட்கார்ந்திருந்தான். இருவரும் மசாஜ் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒருவர் முதுகில் ஒருவர் கைபழகியவர்கள். கல்யாணம் வரை வந்த பேச்சு ஏதோ காரணத்தால் நின்றுபோய், அவள் ஒரு மாலுமியைக் கட்டிக்கொண்டாள். மாலுமியைக் கடல் கொண்டுபோயிற்று.

பாலத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. "இந்தத் தடியைக் கொஞ்சம் பிடி, ஜொம்சுன். கை வழுக்குது," என்றான் தேபோக். அவளும் வாங்கிக்கொண்டாள். அவன் கம்பியின் மேல் ஏறிய சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சத்தமே கேட்கவில்லை, அதுவும் அவள் காதில் விழுந்தது. வருஷம் முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஜொம்சுன் ஊருக்கு வந்தபோது அவள் கையில் இரண்டு தடிகள் இருந்தன. ஒன்றைக் கதவோரம் குடைகளோடு சாத்தி வைத்தாள்.

கருவாட்டுக் கடை மால்ஜா வாய் நீளமானவள், மனசு கெட்டவள் இல்லை. படியேறி வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சொன்னாள்: "செத்தவன் தடியை வீட்டுல வைக்காதே தங்கச்சி. போக இடமில்லாம அவன் இருட்டு உன் பின்னாடியே வந்துருச்சு. கொண்டுபோய் எங்கயாவது போட்டுட்டு வா."

"எனக்கு அதால என்ன இடைஞ்சல் அக்கா? சோறு கேக்குதா, துணி துவைக்கச் சொல்லுதா? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் ஜொம்சுன்.

முதல் குளிர்காலத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வெளிச்சத்தில் அழ முடியாதவர்களுக்கு அந்த அறை வசதியாக இருந்தது. மீன்பெட்டி சுமப்பவர்கள், டாக்சிக்காரர்கள், மகனைத் தொலைத்த ஒரு வங்கி மேலாளர் என்று பலரும் அடியில் கணப்பு வைத்துச் சூடாக்கிய தரையில் குப்புறப் படுத்து, இடுப்பு வலி என்று சொல்லிவிட்டு வேறு வலிகளை அழுது தீர்த்தார்கள். ஜொம்சுன் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை. கடைசியில் ஒரு கோப்பை பார்லித் தண்ணீர் கொடுத்து அனுப்புவாள். இருட்டும் நாளடைவில் வீட்டு ஆளாகிவிட்டது. பனி அதிகமான நாட்களில் மட்டும் ஒன்றிரண்டு படி இறங்கி நிற்கும், மால்ஜா துடைப்பத்தால் தட்டினால் மேலே போய்விடும்.

ஜொம்சுன்னுக்கு ஒரே மகள், யுன்ஹா. பிறந்த அன்று ஆணா பெண்ணா என்று ஜொம்சுன் கேட்கவில்லை, "பாக்குதா?" என்றுதான் கேட்டாள். பார்க்கிறது என்று நர்ஸ் சொன்னதும், அன்றைக்கு அழுத மாதிரி அவள் வாழ்நாளில் அழுததில்லை. தன் கண்ணைப் பற்றி அவளுக்குப் பெரிய குறை கிடையாது. ஆனால் மகளின் கண் அவளுக்குச் சொத்து. சந்தைக்குப் போகும்போது குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் நிறம் சொல்லிக்கொண்டே போகும்: அந்தப் படகு நீலம், இந்தப் பழம் ஆரஞ்சு, மால்ஜா பெரியம்மா உதடு சிவப்போ சிவப்பு. நிறம் என்றால் என்னவென்று தெரியாத ஜொம்சுன் ஒவ்வொன்றுக்கும் அப்படியா, அப்படியா என்று பூரித்துப்போவாள். இருட்டு வந்தபோது யுன்ஹா பெரியவளாகி, வெளியூரில் கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தால் கருவாட்டுக் கடையில்தான் படுக்க வேண்டும், மேலே ஏறக்கூடாது என்று ஜொம்சுன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கப்பல் கம்பெனி திவாலாகி யுன்ஹா ஊர் திரும்பிய அதே வருஷம் ஜொம்சுன்னின் கட்டைவிரல்கள் போய்விட்டன. மூட்டு வீங்கி, ஒரு பூண்டைக்கூட உரிக்க முடியவில்லை. முழங்கையால் ஒப்பேற்றிப் பார்த்தாள். படுத்திருந்தவர்கள் மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். ஒருநாள் வங்கி மேலாளர் படுத்திருக்கும்போது கை சுத்தமாக நின்றுபோயிற்று. கதவுக்கு வெளியே காத்திருந்த யுன்ஹா சத்தமில்லாமல் உள்ளே வந்து, அம்மாவின் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். மனிதர் ஒரு பெருமூச்சு விட்டு, "இப்பத்தான் சரியான இடத்துல கை பட்டுச்சு," என்றார். ஜொம்சுன் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். எந்தச் சட்டத்துக்காகப் பாலத்தில் உட்கார்ந்தாளோ, எதற்காகத் தேபோக் தண்ணீரில் விழுந்தானோ, அதை அவள் வீட்டிலேயே அவள் பெற்ற பெண்ணே மீறிக்கொண்டிருந்தாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அடுத்த நாளும் மகளை அவள் தடுக்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிட வேண்டுமே.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணைப் பறிக்கும் விளக்குப் போட்டு, உரிமமே இல்லாமல் மசாஜ் கடை நடத்திய ஒருவன் இதைப் புகார் செய்தான். சட்டத்தை மீறுகிறவனுக்குத்தான் சட்டம் வரிவரியாகத் தெரிந்திருந்தது. சுகாதார அலுவலகத்திலிருந்து நம்குங் என்ற அதிகாரி டார்ச் எடுத்துக்கொண்டு வந்தார். டார்ச் வாசற்படியோடு அணைந்துபோயிற்று. அவர் அலமாரியில் இடித்துக்கொண்டு, குடைகளின் மேல் விழுந்து, கடைசியில் யுன்ஹா கைகொடுத்துத் தரையில் உட்கார வைத்தாள். குற்றத்தைக் கண்ணால் பார்த்து எழுதுவதற்காக வந்தவர், தன் கையையே பார்க்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

யுன்ஹாவுக்கு அபராதமா உரிமமா என்று அலுவலகம் நெடுநாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டது. உரிமத்துக்குப் பார்வை இல்லை என்று மருத்துவர் சான்று தரவேண்டும் என்றிருந்ததே தவிர, எந்த இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வேலை செய்யும் இடத்தில்தான் சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கண் மருத்துவர் எழுத்துப் பலகையோடு வந்தார். யுன்ஹாவுக்குப் பலகை இருந்த சுவரே தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஒளி உணர்வும் கிடையாது என்று நேர்மையாகச் சான்று கொடுத்தார். மிச்சமிருந்தது சங்கத்தின் சம்மதம். சங்கத்தார் தடிகளைத் தட்டிக்கொண்டு படியேறி வந்து, இங்கே இருட்டாக இருக்கிறது என்பதற்கு மறுபடியும் கண் உள்ளவன் சொல்லைத்தானே நம்ப வேண்டியிருக்கிறது என்று கசப்போடு முனகினார்கள். அப்போது அவர்களில் மூத்தவர் கதவோரம் இருந்த தடியை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள், அந்தத் தட்டு எல்லாருக்கும் தெரிந்த தட்டு. "தேபோக்கோட இருட்டுன்னா அது நம்ம இருட்டுதான். புள்ள வேலை செய்யட்டும்," என்றார் மூத்தவர். இரண்டு வருஷப் பயிற்சியை அந்த அறையிலேயே முடித்த யுன்ஹாவுக்கு உரிமம் வந்தது. வாசற்படி வரை செல்லுபடியாகும் என்று அதில் அச்சடித்திருந்தது. எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டவேண்டும் என்பது விதி என்பதால் எதிர்ச் சுவரில் மாட்டினார்கள்.

அதற்கப்புறம் பல வருஷங்கள் ஓடின. யுன்ஹாவின் கைக்குப் பேர் வந்தது, பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அவள் உள்ளே இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. முதலில் வெளியே வந்தால் கண்ணில் தண்ணீர் வடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். பிறகு பொழுது சாய்ந்தபின்தான் சந்தைக்குப் போனாள். அம்மாவோடு நடக்கும்போது நிறம் சொல்வது எப்போது நின்றது என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. ஒருநாள் மால்ஜா ஜொம்சுன்னைக் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"உம்மக காலால தடவித் தடவிப் படி இறங்குறா. நேத்து பழுத்த மிளகாயைக் கையில வச்சுக்கிட்டு, இது பச்சையா சிவப்பான்னு எங்கிட்ட கேக்குறா. நீ அந்தத் தடியை வச்சுக் கும்பிட்டுக்கிட்டே இரு."

மறுநாள் காலையில் ஜொம்சுன் தேபோக்கின் தடியை எடுத்துக்கொண்டு தனியாகச் சியோல் பஸ்ஸில் ஏறினாள். அவள் உட்கார்ந்த வரிசையும் முன்வரிசையும் இருட்டாகிப் போயின; பயணிகள் முணுமுணுத்துக்கொண்டு பின்பக்கம் நகர்ந்தார்கள், ஓட்டுநர் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள் என்று அறிவித்தார். பாலத்தில் இப்போது கம்பியை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். தடியைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உரிமம் போய்விடும், வியாபாரம் போய்விடும், மகள் மீன் பதப்படுத்தும் ஆலையில் நின்று கால் வீங்குவாள். போகட்டும், அவள் பார்க்கட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். அவனைப் பிரிவதும் லேசாக இல்லை. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன்.

"உனக்கு நான் இடம் கொடுத்தேன், தேபோக்கு," என்றாள். "எம்மக கண்ணைக் கொடுக்கச் சொல்லாதே. இறங்கிக்கோ." கையை விட்டாள். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அந்தப் பாலத்தின் ஒரு தூணுக்கடியில் போகும் படகுகள் நடுப்பகலிலும் மணி அடித்துக்கொண்டுதான் போகின்றன.

ஊர் திரும்பிப் படியேறியபோது, "வெளிச்சம் வந்துருச்சும்மா," என்று யுன்ஹா வாசலிலேயே சொன்னாள். பல்பு எரிகிறது, ஜன்னல் திரை நீலம், சுவரில் நாம் ஒட்டின மஞ்சள் பூக்காகிதம் அப்படியே இருக்கிறது, உன் முடி முழுக்க வெள்ளையாயிருச்சே என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜொம்சுன் பழையபடி அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் உடம்பில் இருந்த களைப்பெல்லாம் இறங்கினாற்போல் இருந்தது. செய்தி கேட்டு மால்ஜா மூச்சிரைக்க ஏறி வந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கதவைத் தாண்டி உள்ளே வந்து, "ஐயோ, என்னடி இது! சுவரெல்லாம் பூஞ்சை பிடிச்சுக் கறுத்துக் கெடக்கு, ஒரு பூவைக்கூடக் காணோம்," என்றாள். யுன்ஹாவின் கை சுவரைத் தடவிப் பார்த்தது. மால்ஜாவுக்கும் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது, கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

யுன்ஹா அம்மாவுக்குப் பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். ஜொம்சுன் கை நீட்டி வாங்கினாள். கோப்பையின் விளிம்பில் மகளின் விரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது. சுடுதண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க அவள் விட்ட விரல், நுனியில் நனைந்திருந்தது. ஜொம்சுன்னுக்குத் தெரிந்த எல்லாரும், அவளும்தான், அப்படித்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த விரலை அவள் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டு, "சூடு சரியா இருக்கு," என்று சொல்லிக் குடித்தாள்.

இருட்டு போய்விட்டதால் உரிமத்தைத் திரும்பப் பெற நம்குங் வந்தார். அவருக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. சட்டப்படி மறுசோதனை செய்யவேண்டும் என்று யுன்ஹாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, டார்ச்சை அவள் கண்ணுக்கு நேராக அடித்தார். டார்ச் நன்றாக எரிந்தது. எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் டார்ச்சை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தலைகுனிந்து கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார். கொஞ்ச நாளில் புது உரிமம் தபாலில் வந்தது. அதை மால்ஜாதான் அம்மாவுக்கும் மகளுக்கும் படித்துக் காட்டினாள்: பெயர், பிறந்த தேதி, முத்திரை. வாசற்படி பற்றிய வரி இல்லை, நாடு முழுவதும் செல்லும் என்றாள். ஜொம்சுன் அதை வாங்கித் தடவிப் பார்த்து, ஆணி இருந்த இடத்தைத் தேடிப் பழைய இடத்திலேயே மாட்டினாள். மறுநாள் காலை மீன்பெட்டி சுமப்பவர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், யுன்ஹா தரையைச் சூடாக்கி வைத்தாள்.