நாலாவது காலுக்கு வைத்த தகடு

பழைய மரம் இழைக்கும் மிஷினின் நாலாவது காலுக்கு அடியில் ஒரு தகரத் தகட்டைச் சொருகியபோது மிஷின் உயரவில்லை. வீடுதான் ஒரு பக்கமாக இறங்கியது. சமையலறைப் பக்கம், சுமார் ஒரு விரல் அளவு. மிஷினின் மேசை மேல் வைத்திருந்த ரசமட்டத்தில் குமிழி மட்டும் நல்ல பிள்ளையாக நடுவுக்கு வந்து நின்றது. எப்படி என்று கேட்பவர்கள் குமிழியைத்தான் கேட்க வேண்டும். மிஷினுக்குச் சொந்தக்காரனைத் தெருவில் துரு என்று கூப்பிடுவார்கள். எந்த மரவாடியை இழுத்து மூடினாலும் அங்கே கேட்பாரற்றுக் கிடக்கும் வார்ப்பிரும்பைக் கொண்டுவந்து, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, எமரித் தாளால் தேய்த்து, புது பேரிங் போட்டு ஓடவிடுவது அவன் பிழைப்பு. இந்த மிஷினை ஓட்டிய மூன்று தலைமுறையும் போய்ச் சேர்ந்துவிட்டது. அது மட்டும் திமிராக உட்கார்ந்திருந்தது. கொட்டகையில் இடமில்லாததால் துரு அதை வீட்டின் முன்னறையிலேயே இறக்கிவிட்டான்.

இந்தத் தொழிலில் மிஷினின் காலை யாரும் அரத்தால் ராவிக் குறைக்க மாட்டார்கள். எந்தக் கால் குட்டையோ அதற்குத் தகடு கொடுப்பார்கள். தகடு கொடுப்பவனின் கண் குமிழியிலேயே இருக்கும். சுற்றிலும் குடியே முழுகினாலும் தெரியாது. துருவுக்கும் தெரியவில்லை. இன்னும் ஒரு முடியளவு, இன்னும் ஒரு முடியளவு என்று சொருகிக்கொண்டே போனான். சாயங்காலத்துக்குள் மிஷின் மேசையில் கோலிக்குண்டை வைத்தால் அது வைத்த இடத்திலேயே கிடந்தது. வீட்டில் மற்றதெல்லாம் சமையலறை மூலைக்கு உருண்டு போயிருந்தது, அவன் மனைவியின் நூல்கண்டுகள் உட்பட. அவள் அதே வீட்டில் தையல் மிஷின் போட்டு ஊருக்கே சட்டை தைப்பவள்.

"என்னங்க, வீடு சாஞ்சிருக்கு" என்றாள்.

"வீடு எப்பவுமே கோணல்தான். மட்டமா ஒண்ணு வந்ததும் உனக்கு இப்பத்தான் தெரியுது" என்றான் துரு. அதை அவன் உண்மையாகவே நம்பினான், அதுதான் கொடுமை.

வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வந்து பார்த்தார். வாசலிலிருந்து சமையலறைக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மேலேறி வந்து, "என்ன வேணா பண்ணிக்கோங்க, சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அடி வாங்கியது தையல்தான். சாய்ந்த தரையில் நின்று அளவு கொடுத்தவர்களின் சட்டைகள் ஒரு தோள் இறங்கியே வந்தன. வீட்டுக்குள் போட்டுப் பார்த்தால் கச்சிதம், தெருவில் இறங்கினால் கோமாளி. சிலர் சண்டைக்கு வந்தார்கள். மற்றவர்கள் வாங்கிய சட்டைக்கு வஞ்சனை செய்ய மனமில்லாமல் சாய்ந்து நடக்கப் பழகிக்கொண்டார்கள். அவளுக்கு மானமே போயிற்று. ஒரு தையல் பிசகினாலும் பிரித்துத் தைத்துக் கொடுத்தே பேர் வாங்கியவள். "நான் இருக்கணுமா, அந்தத் தகடு இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க" என்றாள். துரு யோசிக்க ஒரு நாள் கேட்டான். கேட்டிருக்கவே கூடாது. அன்றைக்கே அவள் தையல் மிஷினோடு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு நாள் யோசிக்க அவனுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. மிஷின் என்னவோ அருமையாக ஓடியது. எப்பேர்ப்பட்ட முரட்டுப் பலகையும் கன்னம் மாதிரி வழவழவென்று வெளியே வந்தது. தடவிப் பார்த்து "அட" என்று சொல்லத்தான் ஆளில்லை. அவளில்லாமல் அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. போன் செய்தால், "இவன் வீடும் கோணல்தான். கட்டிலுக்கு முட்டுக் கொடுத்துத்தான் படுக்கிறேன். ஆம்பளைங்க கட்டுற லட்சணமே இதுதான்" என்று திட்டிவிட்டு வைத்துவிடுவாள். கடைசியில் ஒரு நாள் விடிந்ததும் துரு கடப்பாரையை எடுத்து மிஷினின் காலை நெம்பி, தகடுகளை ஒவ்வொன்றாக உருவினான். பாத்திரங்கள் தடதடக்க வீடு எழுந்து நேராக நின்றது. குமிழி ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு முழு ஆம்பளை இரும்பைக் கட்டிக்கொண்டு அழுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு மனைவியைக் கூட்டிவரப் போனான்.

அவள் வந்தாள். வாசற்படியைத் தாண்டி இரண்டடி வைத்ததும் சுவரில் போய் மோதினாள். நிமிர்ந்து மறுபடி நடந்தாள், மறுபடி மோதினாள். பிறகு தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். தரை மட்டமாகத்தான் இருந்தது. பாவம், அந்தத் தம்பி வீட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தகடெல்லாம் எங்க?" என்றாள்.

"இங்கதான். தூக்கிப்போட மனசு வரல."

"வைங்க."

"அப்ப உன் தையலு?"

"தெருவுல பாத்தீங்கல்ல, அத்தனை பேரும் சாஞ்சுதான் நடக்கிறான். நேரா தெச்சா எவன் போடுவான்?" என்றாள். "எனக்காக உருவினீங்கல்ல, அது போதும்."

கடப்பாரையை அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். துரு தகடுகளைச் சொருகினான். இந்த முறை அவன் குமிழியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். அவள் போதும் என்றதும் நிறுத்தினான். வீடு இறங்கியது. அவள் எழுந்து, சுவரைத் தொடாமல், சமையலறை வரைக்கும் நேராக நடந்து போனாள்.